எருமைக் கிருமியும் பன்றிக் கிருமியும்

நான் வேலை பார்த்த ஆய்வுகூடத்தில் எலி அறையை மூடப் போகிறார்கள். இப்போது அங்கே பொறுப்பாக இருக்கும் இளம் பெண் போன மாதம் கொழும்பு வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னாள். கிருமியின் மரபணுவைப் படித்து, அது எந்த வகை என்று சொல்லிவிடும் கருவி வந்துவிட்டதாம். காலையில் மாதிரியை வைத்தால் மாலைக்குள் விடை வந்துவிடுமாம். நான் மனம் வருந்துவேன் என்று நினைத்தாளோ என்னவோ, மெல்ல மெல்லத்தான் சொன்னாள். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எலிகளுக்கும் இருக்காது.

போகும்போது வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டாள். "அன்ரி, எலியை வச்சுக் கிருமியின்ர வகையைப் பிரிச்சனீங்கள், அது விளங்குது. ஆனா மேலிடத்தை எப்படி நம்ப வச்சனீங்கள்?"

நல்ல கேள்வி. அதற்கு வாசலில் நின்று பதில் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

அது வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசி வருடங்கள். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. நான் விஞ்ஞானப் பட்டம் எடுத்துவிட்டு ஒரு பெண்கள் பாடசாலையில் தாவரவியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்குச் செம்பருத்திப் பூவை நெடுக்காக வெட்டிக் காட்டிக் காட்டி எனக்கே அலுத்துவிட்டது. கால்நடை நோய்களை ஆராயும் அரசாங்க ஆய்வுகூடம் ஒன்றில் ஆள் பற்றாக்குறை, பெண்களையும் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் எதிரே இருந்த பருத்த மனிதர் என் சான்றிதழ்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"பண்டியைத் தொடுவீரோ?" என்றார்.

"தொடுவன் சேர். தின்னத்தான் மாட்டன்."

மேசை அதிரச் சிரித்தார். வேலை கிடைத்துவிட்டது. எங்கள் வீட்டில் முட்டைகூட உள்ளே வராது. அம்மா முதல் நாளே சட்டம் போட்டுவிட்டார்: பின்பக்கத்தால் வரவேண்டும், குழாயடியில் குளிக்கவேண்டும், அதன்பிறகுதான் தேத்தண்ணி. 'பன்றி' என்ற சொல் அவர் வாயில் வந்ததேயில்லை. "உன்ர ஒஃபிஸ் சாமான்கள் சுகமோ?" என்றுதான் கேட்பார்.

அந்தப் பருத்த மனிதர்தான் டொக்டர் அருளம்பலம், எனது மேலதிகாரி. கொட்டாஞ்சேனையில் குடியிருந்தார். சட்டம் படிக்க ஆசைப்பட்டவரைத் தகப்பன் கட்டாயப்படுத்தி இந்தியாவுக்கு மிருக வைத்தியம் படிக்க அனுப்பியிருந்தார். அந்த ஏமாற்றத்தை அவர் ஒரு விசித்திரமான வழியில் தீர்த்துக்கொண்டார். ஆய்வுகூடத்தில் யார் என்ன முடிவோடு போனாலும் அவர் கிருமியின் வக்கீலாக மாறிவிடுவார். கிருமியை 'என்ர கட்சிக்காரர்' என்றுதான் சொல்வார்.

நான் சேர்ந்த புதிதில் செத்த பன்றி ஒன்றின் இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, நீலச் சாயம் ஏற்றி, நுண்காட்டியில் பார்த்தேன். இரண்டு முனைகளிலும் மட்டும் சாயம் பிடித்து நடுவே வெளுத்த குட்டைக் கோல்கள். சட்டைக்குக் குத்தும் ஊக்கைப் போன்ற தோற்றம். தொண்டை அடைப்பான் கிருமியேதான். மாட்டுக்கும் எருமைக்கும் பன்றிக்கும் தொண்டை வீங்கி, மூச்சு அடைத்து, ஒரே நாளில் கொல்லுகிற நோய் அது. ஓடிப்போய்ச் சொன்னேன்.

அவர் கதிரையில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, என்ர கட்சிக்காரர் அந்த வீட்டில இருந்தவர். ஒத்துக்கொள்ளுறன். கொலை செய்தவர் எண்டு எப்படிச் சொல்லுவீர்? செத்த பிறகு குடலில இருந்து நடந்து வந்திருக்கலாம் தானே? இந்த வெயிலில செத்த பண்டிக்குள்ள ஊர்ப்பட்ட கிருமி."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. பதிலைத் தேடிக்கொண்டு வரச் சொன்னார். புத்தகங்களைப் புரட்டியபோது பதில் எலும்புக்குள் இருந்தது. உடல் அழுகினாலும், தொடை எலும்பின் உள்ளே இருக்கும் மச்சை கொஞ்ச நாளைக்குச் சுத்தமாக இருக்கும். எலும்பை வெளியே சுட்டு, உடைத்து, மச்சையை எடுத்து உப்புநீரில் கலக்கி, எலியின் தோலுக்குக் கீழே ஏற்றவேண்டும். குற்றவாளி இந்தக் கிருமிதான் என்றால் எலி அடுத்த நாளே செத்துவிடும். அதன் இதயத்தில் ஒரு துளி இரத்தம் எடுத்து வளர்த்தால், வேறு எந்தக் கிருமியும் கலக்காமல் அது ஒன்று மட்டுமே வளரும். அழுக்கில் வாழும் மற்றக் கிருமிகளை எலியின் உடம்பே வடிகட்டிவிடும்.

அதற்குப் பிறகு நான் அவரிடம் எதையும் ஓடிப்போய்ச் சொன்னதில்லை. நடந்துதான் போவேன். போகும் வழியிலேயே கிருமியின் கட்சியில் நின்று என்னை நானே குறுக்கு விசாரணை செய்துகொள்வேன்.

எலிகளுக்கும் முயல்களுக்கும் பொறுப்பாக இருந்தவர் சலீம் நானா. புத்தளத்துக்காரர். முதல் நாளே என்னோடு ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டார். "மிஸ், எலி, முயல் எல்லாம் எனக்கிட்ட ஈக்கட்டும். அந்த மத்தத மட்டும் நீங்க பாத்துக்கோங்க." நாங்கள் வேலை செய்த காலம் முழுவதும் இந்த ஒப்பந்தத்தை இருவரும் மீறவில்லை. பன்றியின் மாதிரிகள் என் மேசையோடு நின்றுவிடும். எலிக் கூட்டுக்கு அவற்றை எடுத்துப்போய் ஊசி ஏற்றுவதும் நான்தான். கூடு, தீன், தண்ணீர், எண்ணிக்கை எல்லாம் அவர். எந்த எலி சுருண்டு படுக்கிறது, எது ரோமம் சிலிர்த்து நிற்கிறது என்று அவர் சொன்னால் நான் போய்ப் பார்க்கத் தேவையில்லை.

கிருமி வளர்க்கும் கூழை இறுகச் செய்கிற ஏகார் ஜப்பானிலிருந்து வருவது. யுத்தத்தில் அது நின்றுபோனபோது ஆய்வுகூடமே படுத்துவிடும் போல இருந்தது. சலீம் நானாதான் புறக்கோட்டைக் கடையொன்றில் ஒரு சாக்குக் கஞ்சிப்பாசி வாங்கிவந்தார். "எங்கட உம்மா நோம்புக்கு இதத்தான் காச்சுவா. நல்லா இறுகும் மிஸ்." கடற்பாசியைக் கழுவி, தகரக் கூரையில் வெயிலில் வெளுக்கப் போட்டு, காய்ச்சி, துணியில் வடித்தோம். இறுகியது. ஆட்டு இரத்தம் கலந்து தட்டுகளில் ஊற்றினோம். அதன்மேல் எங்கள் கிருமி பனித்துளி போல மினுங்கிக்கொண்டு வளர்ந்தது. டொக்டர் அருளம்பலம் அந்தத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அறை அறையாகப் போய்க் காட்டினார்.

இந்த நிலையில்தான் மட்டக்குளிப் பிரச்சினை வந்தது.

மட்டக்குளியில் களனி ஆற்றோரமாகக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல பன்றி வளர்த்தன. ஆண்கள் கடலுக்குப் போவார்கள், பெண்கள் பன்றியைப் பார்ப்பார்கள். இராணுவ முகாம்களின் மிச்சச் சாப்பாட்டை வாளி வாளியாக எடுத்துவந்து தீனாகப் போடுவார்கள். அந்தப் பெண்களுக்குத் தலைவி போல இருந்தவர் பிலோமினா அக்கா. கணவனைக் கடல் கொண்டுபோய்விட்டது. மூன்று பிள்ளைகளும் பன்றிப் பட்டியும்தான் அவருக்கு எல்லாம். அந்த வருடம் மழைக்கு முன்பாக நாங்கள் அங்கே போய்த் தொண்டை அடைப்பான் தடுப்பூசி போட்டிருந்தோம். எருமைகளுக்கு வருடக் கணக்காகப் போட்டு நல்ல பலன் கண்ட மருந்து அது. பட்டியில் இருந்த பன்றி ஒவ்வொன்றையும் பிலோமினா அக்காவே பிடித்துத் தந்தார்.

மழை தொடங்கியது. பன்றிகள் சாகத் தொடங்கின.

ஒரு காலையில் சாக்கில் சுற்றிய பன்றித் தொடை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு பிலோமினா அக்கா ஆய்வுகூடத்துக்குள் நேராக வந்துவிட்டார். வாசலில் நின்ற காவலாளியால் தடுக்க முடியவில்லை. சாக்கை என் மேசைமேல் போட்டார்.

"இந்தா மிஸ். நீங்க குத்தின பண்டிதான். எல்லாரும் சொல்றாங்க, ஊசியாலதான் செத்துச்சு எண்டு. நான் தான் எல்லாரையும் குத்தச் சொன்னது. இப்ப என்ர மூஞ்சில முழிக்க மாட்டேங்கிறாங்க."

"எங்கட ஊசியால சாகேல்லை அக்கா. அதில இருக்கிறது செத்த கிருமி. கொல்ல ஏலாது."

"அப்ப எதால செத்துச்சு?"

"தெரியேல்லை. பாத்துச் சொல்லுறன்."

"தெரியல்லயா?" சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "சரி. தெரியல்ல எண்டு சொன்ன ஆள் நீங்க ஒருத்தர்தான். பாத்துச் சொல்லுங்க."

அந்தத் தொடை எலும்பின் மச்சையை ஏற்றிய எலிகள் அடுத்த நாள் செத்தன. இதய இரத்தத்தில் அதே ஊக்குக் கோல்கள். அதாவது, எந்த நோய்க்குத் தடுப்பூசி போட்டோமோ அதே நோயால் பன்றிகள் செத்துக்கொண்டிருந்தன.

இதை ஆய்வுகூடத்தின் டைரக்டரிடம் கொண்டுபோனோம். அவர் ஸ்கொட்லாந்துக்காரர், நீண்ட ஒல்லி உருவம், அதிகம் பேசாதவர். நேர்மையானவர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவருக்கு வேறு பயம் இருந்தது. தடுப்பூசி நல்ல மருந்து, எருமைகளில் பலித்த மருந்து. அது பலிக்கவில்லை என்றால் பன்றிகளைக் கொல்வது வேறு நோய். பன்றிகளை மட்டும் தாக்கும் பன்றிக் காய்ச்சல். அதற்குக் காரணம் நுண்காட்டியிலும் தெரியாத வைரஸ். தொண்டை அடைப்பான் கிருமி நல்ல பன்றியின் தொண்டையிலும் சும்மா குடியிருக்கும், வைரஸ் உடம்பை விழுத்திய பிறகு உள்ளே நுழைந்திருக்கும் என்றார். வைரஸ் என்றால் ஒரே வழிதான். ஆற்றோரத்துப் பன்றிகள் எல்லாவற்றையும் சுட்டு எரிக்கவேண்டும். முகாம்களுக்கு இறைச்சி போகிற இடம் என்பதால் அவசரமும் இருந்தது.

டொக்டர் அருளம்பலம் அவகாசம் கேட்டார். ஒரு பன்றியும் ஊரைவிட்டு வெளியே போகாது என்ற உறுதியின் பேரில் டைரக்டர் அதிகாரிகளின் அடுத்த கூட்டம் வரைக்கும் பொறுத்தார்.

அந்த உறுதியை யார் கொடுப்பது? நான் மட்டக்குளிக்குப் போய் பிலோமினா அக்காவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். விற்கக்கூடாது, வேறு ஊருக்கு ஓட்டக்கூடாது, சுகமில்லாததைத் தனியாகக் கட்டவேண்டும். ஒரு பன்றி வெளியே போனாலும் எல்லாவற்றையும் சுட்டுவிடுவார்கள்.

"விக்காம எப்படி மிஸ் சாப்பிடறது?" என்று கேட்டார். பிறகு வீடு வீடாகப் போனார். என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஒரு பன்றியும் வெளியே போகவில்லை.

முதலில் வைரஸ் கேள்விக்கு விடை காணவேண்டும். வைரஸ் மிக நுண்ணியது, பீங்கான் போன்ற மண் வடிகட்டியின் துவாரங்களுக்குள்ளால் போய்விடும். எங்கள் கிருமி போகாது. நோய் முற்றிய பன்றியின் இரத்தத்தை உப்புநீரில் கலந்து அந்த வடிகட்டியால் இழுத்தேன். வடிந்த நீரை, நோயே இல்லாத தெஹிவளையிலிருந்து கொண்டுவந்த இரண்டு பன்றிகளுக்கு ஏற்றினேன். வடிகட்டாத இரத்தத்தை மூன்றாவது பன்றிக்கு ஏற்றி, தூரத்தில் வேறு கொட்டிலில் கட்டினோம். காலையும் மாலையும் வெப்பமானியோடு நான் கொட்டிலுக்குள் இறங்குவேன். மூன்றாவது பன்றி தொண்டை வீங்கி விரைவிலேயே செத்தது. மற்ற இரண்டும் தின்றன, தூங்கின, என் சேலைக் கரையைக் கடித்தன. காய்ச்சல் வரவே இல்லை. பன்றிக் காய்ச்சல் வெளிப்படத் தேவையான காலம் தாண்டியும் வரவில்லை.

இந்தத் தடவையும் நடந்துதான் போனேன். டொக்டர் அருளம்பலம் எல்லாவற்றையும் கேட்டார்.

"சரி. வைரஸை விடுதலை செய்தாச்சு. என்ர கட்சிக்காரர்தான் கொலைகாரர் எண்டு வச்சுக்கொள்ளுவம். அப்ப உம்மட தடுப்பூசி என்ன செய்தது? அதே ஆளைப் பிடிக்கத்தானே காவல் வச்சனீங்கள்?"

"அதே ஆள் இல்லையோ எண்டு யோசிக்கிறன் சேர்."

"என்ன?"

"எங்கட தடுப்பூசியில இருக்கிறது எருமையில இருந்து எடுத்த கிருமி. இது பண்டியில இருந்து எடுத்தது. ஒரே குடும்பம். ஆனா ஒரே ஆள் எண்டு நாங்கள் ஒருநாளும் பாக்கேல்லை."

அவர் எழும்பி ஜன்னலுக்குப் போனார். "ரெண்டையும் எந்தச் சீனிக் கரைசலில வளத்தாலும் ஒரே மாதிரித்தானே புளிக்குது? தட்டில ஒரே தோற்றம். ஒரே மணம். எந்த நீதவான் இதை நம்புவான்?"

"எலி நம்பும் சேர்."

யோசனை இதுதான். எருமைக் கிருமியைக் கொன்று முயலுக்கு ஊசியாகப் போட்டால், முயலின் இரத்தத்தில் அந்தக் கிருமிக்கு எதிரான சக்தி உண்டாகும். அந்த இரத்தத்தின் தெளிந்த நீரை எலிக்கு ஏற்றினால், எலிக்கும் கொஞ்ச நாளைக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைக்கும். அப்படிப் பாதுகாத்த எலிகளில் ஒரு கூட்டுக்கு எருமைக் கிருமியையும், இன்னொரு கூட்டுக்குப் பன்றிக் கிருமியையும் உயிரோடு ஏற்றவேண்டும். இரண்டும் ஒரே ஆள் என்றால் இரண்டு கூடும் பிழைக்கும்.

எருமைக் கிருமி ஊசி போட்ட முயல்கள் எங்களிடம் ஏற்கனவே இருந்தன. சோதனையைத் தொடங்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். கோட்டையிலிருந்து வெள்ளவத்தை வரை ரயிலில் கடலைப் பார்த்தபடி வந்தேன். அன்று கடலில் என்ன இருந்தது என்று கேட்டால் தெரியாது.

மறுநாள் காலையில் சலீம் நானா வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றார். "மிஸ், ஒரு கூட்டுல எல்லாம் ஓடித் திரியுது. மத்தக் கூட்டுல எல்லாம் மௌத்து."

"எந்தக் கூடு செத்தது?"

அவர் முகத்தைக் கொஞ்சம் சுளித்தார். "அந்த மத்தத ஏத்தின கூடு."

எருமைக் கிருமி ஏற்றிய கூடு முழுக்க உயிரோடு இருந்தது. பன்றிக் கிருமி ஏற்றிய கூட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. முயலின் இரத்தநீர் பழுது என்று சொல்லமுடியாது, அதே போத்தலில் இருந்த நீர்தான் முதல் கூட்டைக் காப்பாற்றியது. பன்றிக் கிருமியைக் கொண்டு புதிய முயல்களைத் தயார்செய்து சோதனையைத் தலைகீழாகவும் செய்தோம். இந்தத் தடவை பன்றிக் கிருமிக் கூடு பிழைத்தது. எருமைக் கிருமிக் கூடு செத்தது. உருவத்திலும் பழக்கத்திலும் இரட்டைப் பிள்ளைகள் போல இருந்த இரண்டு கிருமிகள். ஒன்றுக்கு வைத்த காவல் மற்றதைக் கண்டுகொள்ளவே இல்லை.

கூட்ட நாள் வந்தது. மட்டக்குளிப் பன்றிகளைச் சுடும் உத்தரவு மேசையில் தயாராக இருந்தது. டொக்டர் அருளம்பலம் என்னைப் பேசச் சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார். அந்த அறையில் அதுவரை எந்தப் பெண்ணும் எழுந்து நின்று பேசியதில்லை. பேசத் தொடங்கும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. பிறகு டைரக்டர் கேள்வி கேட்கத் தொடங்கினார். அங்கேதான் எனக்குத் தெம்பு வந்தது. அவர் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் கிருமியின் வக்கீல் ஏற்கனவே கேட்டிருந்தார், இதைவிடக் கடுமையாக.

கடைசியில் டைரக்டர் பேனாவை மூடி வைத்தார். "இதை என் கண் முன்னால் செய்துகாட்ட முடியுமா? எந்தக் குழாயில் எந்தக் கிருமி என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்."

"முடியும்" என்றேன். என்னைக் கேட்காமலே வாய் சொல்லிவிட்டது.

அவரே எங்கள் அறைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தன் கையால் நான்கு குழாய்களில் கிருமிகளை நிரப்பினார். பச்சை, சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று கழுத்தில் நூல் கட்டினார். ஒவ்வொரு நிறத்துக்கும் மூன்று கூடுகள் ஒதுக்கினோம். முதல் கூட்டுக்கு எருமைக் கிருமிக்கு எதிரான இரத்தநீர், அடுத்ததற்குப் பன்றிக் கிருமிக்கு எதிரானது, கடைசிக் கூட்டுக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை. டைரக்டர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்க, நான் ஊசிகளை ஏற்றினேன்.

மறுநாள் காலையில் நாங்கள் எல்லோரும் எலி அறையில் கூடினோம். சலீம் நானா வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, பெருநாளுக்குப் போல வந்திருந்தார். பச்சை நூலில் எருமைக் கிருமிக்கு எதிரான நீர் ஏற்றிய கூடு மட்டும் பிழைத்திருந்தது. சிவப்பில் பன்றிக் கிருமிக்கு எதிரான நீர் ஏற்றியது மட்டும். மஞ்சளிலும் அப்படியே. வெள்ளை நூல் கூடுகளைக் குனிந்து பார்த்தேன். மூன்று கூடுகளிலும் எலிகள் ஓடித் திரிந்தன. பாதுகாப்பே இல்லாத கூட்டில்கூட ஒன்றும் சாகவில்லை.

"சொல்லுங்கள், மிஸ்" என்றார் டைரக்டர்.

வெள்ளையை ஏதோ ஒரு பக்கத்தில் சேர்த்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. டொக்டர் அருளம்பலத்தைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பச்சை எருமைக் கிருமி. சிவப்பும் மஞ்சளும் பன்றிக் கிருமி. வெள்ளை எது என்று என்னால் சொல்ல முடியாது. யாராலும் முடியாது. அதில் உயிர் இல்லை."

டைரக்டரின் ஒல்லி முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு விரிந்தது. வெள்ளைக் குழாயைத் தேத்தண்ணிக் கேத்தலின் கொதிநீரில் போட்டுக் கிருமியைக் கொன்றுவிட்டாராம். கலங்கல் மாறாமல் இருந்ததால் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. "இந்தப் பதிலுக்காகத்தான் காத்திருந்தேன்" என்றார். பிறகு என் மேலதிகாரியின் பக்கம் திரும்பி, "நீங்கள் ஏதும் சொல்லவேண்டுமா?" என்றார்.

டொக்டர் அருளம்பலம் எழுந்து நின்று, இல்லாத வக்கீல் அங்கியை இரு கைகளாலும் சரிசெய்துகொண்டார். "என் கட்சிக்காரர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். கட்சிக்காரர் யார் என்று டைரக்டருக்கு விளங்கவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சலீம் நானா எல்லோருக்கும் முன்னால், "அல்ஹம்துலில்லாஹ்" என்று உரக்கச் சொன்னார். சுடும் உத்தரவை டைரக்டர் அன்றே கிழித்துப் போட்டார்.

அடுத்த வேலை மருந்து செய்வது. பன்றிக் கிருமியைக் குடுவை குடுவையாக வளர்த்தோம். ஃபோர்மலின் விட்டுக் கொன்றோம். செத்துவிட்டதா என்று தட்டில் பூசிப் பார்த்தோம். எலிக்கும் முயலுக்கும் ஏற்றி, தீங்கு இல்லை என்று உறுதிசெய்தோம். கொட்டிலில் இருந்த தெஹிவளைப் பன்றிகள் இரண்டில் ஒன்றுக்குப் போட்டு, கொஞ்ச நாள் விட்டு, இரண்டுக்கும் உயிருள்ள கிருமியை ஏற்றினோம். ஊசி போடாதது செத்தது. போட்டது மறுநாள் என் சேலைக் கரையைத் தேடி வந்தது.

மட்டக்குளியில் ஊசியோடு நாங்கள் இறங்கியபோது ஒருவரும் பட்டியைத் திறக்கவில்லை. ஒருமுறை குத்தி ஏமாந்தவர்கள், அவர்களைக் குறைசொல்ல முடியாது. பிலோமினா அக்கா மட்டும் வெளியே வந்தார்.

"இது பழைய ஊசிதானா?"

"இல்லை அக்கா. இது நீங்கள் தோளில போட்டுக்கொண்டு வந்தீங்களே, அந்தக் காலுக்குள்ள இருந்து எடுத்தது."

அவர் மிஞ்சியிருந்த பன்றிகளில் பெரிய சினைப் பன்றியை எல்லோரும் பார்க்கும்படி நடுத்தெருவுக்கு ஓட்டிவந்தார். "முதல்ல இதுக்குக் குத்துங்க" என்றார். "இது போனா நானும் போனேன். எல்லாரும் பாத்துக்கிட்டு இருங்க." குத்தினேன். ஒரு வீடு திறந்தது. பிறகு இன்னொன்று.

அந்த வருடக் கடைசியில் பெய்த மழையில் களனி ஆறு பெருகிப் பட்டிகளுக்குள் தண்ணீர் வந்தது. இந்த நோய்க்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வத்தளையில் ஊசி போடாத பன்றிகள் செத்து மிதந்துவந்தன. நான் ஒவ்வொரு நாளும் மட்டக்குளிக்குப் போனேன். வெள்ளச் சேற்றில் இறங்கிப் பட்டி பட்டியாகப் பார்த்தேன். அந்த நேரம் முகாம் சாப்பாட்டு வாளிகளைப் பெண்கள் தட்டத் தொடங்குவார்கள். ஊர் முழுவதும் பன்றிகள் ஒரேயடியாகக் கத்தும். காது அடைத்துப்போகும். அதைவிட இனிமையான சத்தத்தை நான் என் வேலைக் காலத்தில் கேட்டதில்லை. தொண்டை வீங்கிய பன்றியால் அப்படிக் கத்த முடியாது.

வெள்ளம் முழுதாக வடிந்து வண்டிப் பாதை திறந்ததும், இடையில் பிறந்த குட்டிகளுக்குக் குத்த, புதிய மருந்தின் முதல் பெரிய தொகுதியோடு மட்டக்குளிக்குப் போனேன். செய்தி ஆற்றைக் கடந்துவிட்டிருந்தது. வத்தளை ஆட்கள் வண்டிகளிலும் தோணிகளிலும் தங்கள் பன்றிகளைக் கொண்டுவந்து வேலிக்கு வெளியே நின்றார்கள். பிலோமினா அக்கா பெட்டியிலிருந்து ஒரு போத்தலை எடுத்து, அதில் ஒட்டியிருந்த ஆங்கில எழுத்துகளைப் பார்த்தார்.

"இதுல என்ன மிஸ் எழுதியிருக்கு?"

"பண்டித் தடுப்பு மருந்து. மட்டக்குளி வகை." கிருமியின் வகைகளுக்கு அவற்றை எடுத்த இடத்தின் பெயரை வைப்பது எங்கள் வழக்கம். பெயரை எழுதியது டொக்டர் அருளம்பலம்.

பிலோமினா அக்காவின் முகம் மாறியது. "என்ன மிஸ் இது! நோய்க்கு எங்கட ஊர்ப் பேரையா வச்சீங்க? வத்தளையான் சிரிக்க மாட்டானா?"

"நோய்க்கு இல்லை அக்கா. மருந்துக்கு."

அவர் போத்தலைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு வேலிப் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் இங்க பாருங்க! எங்கட ஊர் மருந்து வந்திருக்கு! எல்லாருக்கும் இருக்கு, வரிசையா நில்லுங்க. ஆனா முதல்ல எங்கட பண்டிக்குத்தான்!"